தாடைக்காரரின் இருபது முகங்கள்

முப்பத்திரண்டு பேர் நிற்கும் குரூப் போட்டோவில் ஒருத்தர் மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தால் மற்ற போட்டோகிராபர்கள் என்ன செய்வார்கள்? இன்னொரு படம் எடுப்பார்கள். தாடைக்காரர் மேடையேறிப் போய் அந்த ஆளைக் கன்னத்தில் அறைந்தார். வாங்கியவர் மணப்பெண்ணின் சொந்தச் சித்தப்பா. பளார் என்ற சத்தம் மண்டபத்தின் கடைசி நாற்காலி வரை கேட்டது. தாடைக்காரர் நிதானமாக இறங்கி வந்து கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இப்ப யாரும் சிமிட்டாதீங்க" என்றார். முப்பத்திரண்டு பேரில் ஒருத்தர்கூடச் சிமிட்டவில்லை. படம் அவ்வளவு சுத்தமாக வந்தது. அதற்குப் பிறகுதான் சண்டை. நாற்காலிகள் பறந்தன, இரண்டு பேருக்குத் தலையில் தையல், தாடைக்காரருக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் போயிற்று. "பல்லு போனா போகுது, படம் ஷார்ப்பா இருக்குல்ல?" என்று மறுநாள் டீக்கடையில் நின்று பீற்றிக்கொண்டார்.

தாடைக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். ஸ்டூலில் உட்காரும் ஆளிடம் "கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்க" என்று வாயால் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. வாய்க்கு முன்னால் கை போய்விடும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இடுக்கி மாதிரி வைத்துத் தாடையைப் பிடித்து, வேண்டிய பக்கம் திருப்பி, அங்கேயே நிறுத்துவார். மாப்பிள்ளை, மாமியார், அதிகாரி என்று பார்க்க மாட்டார். திருப்பிய பிறகு இரண்டு எட்டு பின்னால் போய் வலது கையை மேலே ஓங்கி, "இங்க பாரு!" என்று ஒரு அதட்டல். அந்த நொடியில் கிளிக். முப்பது வருஷமாக இதுதான் அவர் தொழில் ரகசியம்.

இந்தக் கதை முழுக்க நான் அவரை 'அவர்' என்றுதான் எழுதப்போகிறேன். ஐம்பது வயதுக்குத் தருகிற மரியாதை அது. வேறு எதற்கும் இல்லை.

அவர் தொழில் கற்ற ஸ்டூடியோவில் முதலாளி கேமரா முக்காலிக் கம்பால் அடிப்பாராம். 'அடியாத மாடு படியாது' என்று சொல்லிச் சொல்லி அடிப்பாராம். உச்சந்தலையில் ஒரு பள்ளத்தை விரலால் தொட்டுக் காட்டி, "இப்படித்தான்யா கத்துக்கிட்டேன்" என்பார். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு உச்சுக்கொட்ட வராது. அவருடைய தம்பியும் அதே கடையில் அதே கம்பால் வாங்கியவர்தான். அவர் இன்று வாசலில் படுத்திருக்கும் நாயை எழுப்பக்கூடத் தயங்கிச் சுற்றிக்கொண்டு போகிற மனிதர்.

ஸ்டூடியோ ஒரு டயர் கடைக்கு மேலே, செங்குத்தான மரப்படி ஏறிப் போக வேண்டும். சாம்பல், கறுப்பு, நீலம் என்று மூன்று பின்திரைகள் உத்தரத்திலிருந்து சுருட்டித் தொங்கும். முதுகு சாய முடியாத ஒரு ஸ்டூல். தரையில் கால் வைக்க வேண்டிய இடத்தில் வெள்ளை டேப்பில் பெருக்கல் குறி. திரைக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் அவருடைய மனைவி. கல்யாண ஆல்பம் அடுக்குவது, முகத்தில் பரு எடுப்பது, கலைந்த முடியை ஒதுக்குவது எல்லாம் அந்த அம்மாதான். வாடிக்கையாளர்களுக்கு அவர் 'எடிட்டிங் அக்கா'. தாடைக்காரர் பிடித்த இடத்தில் கன்னத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி விழுமே, அதை அழிப்பதும் அக்காவின் வேலை.

அக்காவின் இடது மோதிர விரல் நேராக இருக்காது. ஒரு ஆல்பத்தில் பக்கம் மாறிப் போனதற்காக, அக்காவின் கை மேஜை டிராயரில் இருக்கும்போதே தாடைக்காரர் டிராயரை உதைத்து மூடினார். டாக்டரிடம் "கதவுல மாட்டிக்கிச்சு" என்று அக்கா சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. இருந்திருந்தால் அதுக்கும் ஒரு விரல் கோணியிருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு இடி விழுந்தது. மண்டபக்காரர்கள் எல்லாரும் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள்: வருகிற வருஷத்திலிருந்து புகைப்படக்காரர் சங்கத்தின் தகுதிப் பட்டம் வாங்கியவர்கள் மட்டுமே மண்டபத்துக்குள் கேமரா தூக்கலாம். சித்தப்பா சண்டைதான் இதற்குக் காரணம் என்று ஊருக்கே தெரியும். தாடைக்காரருக்கு மட்டும் தெரியாது. கல்யாணப் படமும் முகப்படமும் சேர்ந்த பட்டம் அது. ஒருத்தர் எடுத்த இருபது முகப்படங்களைப் பெரிதாக அச்சடித்து, அட்டையில் ஒட்டி, நடுவர்கள் முன்னால் வரிசையாக மாட்ட வேண்டும். படத்தில் இருப்பவர் சம்மதிக்கிறேன் என்று கையெழுத்துப் போட்ட தாள் ஒவ்வொன்றுக்கும் வேண்டும். பட்டம் இல்லையென்றால் மண்டபம் இல்லை. மண்டபம் இல்லையென்றால் டயர் கடையில் பஞ்சர் ஒட்ட வேண்டியதுதான்.

"நமக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்று தாடைக்காரர் முப்பது வருஷத்துப் படங்களிலிருந்து இருபதைப் பொறுக்கினார். இருபதாவது, சாம்பல் திரைக்கு முன்னால் உட்கார்ந்த அக்காவின் படம். ஒருநாள் வெளிச்சம் சரிபார்க்க உட்கார வைத்து எடுத்தது. அதற்கான சம்மதத் தாளில் அக்கா தானாகப் பேனாவைப் பிடிக்கவே இல்லை. இவர்தான் விரலில் பேனாவைச் செருகி, மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கையெழுத்தை வரவழைத்தார். 'உறவு' என்ற கட்டத்தில் இவரே 'மனைவி' என்று எழுதிக்கொண்டார்.

நடுவர்கள் ஐந்து பேர். தலைமை நடுவர் குட்டையான, நரைத்த கிராப் வைத்த ஒரு அம்மா. கழுத்துக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது. வரிசையாக மாட்டிய இருபது படங்களையும் அந்தம்மா ஒவ்வொன்றாக, மூக்கு உரசுகிற தூரத்தில், கண்ணாடி வைத்துப் பார்த்தார். அரை மணி நேரம். பிறகு தாடைக்காரரைக் கூப்பிட்டார்.

"வெளிச்சத்துல ஒரு குறையும் இல்ல. ஃபோகஸ், கலர், அச்சு எல்லாம் முதல் தரம். ஆனா பாஸ் பண்ண முடியாது."

"ஏன்?"

"இருபது பேரும் பயந்துபோய் இருக்காங்க. இருபது பேரும் ஒரே ஆளைப் பாத்து பயந்திருக்காங்க."

"எங்க பயம்? யார் பயந்தா? கொண்டா காட்டு!"

"கண்ணுக்குள்ள பாருங்க. நான் சொல்றதைவிட அது நல்லா சொல்லும்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. தாடைக்காரர் கண்ணுக்குள் பார்க்கவில்லை. மேஜையைப் புரட்டிப் போட்டார். தண்ணீர் ஜாடி உடைந்தது. தடுக்க வந்த இன்னொரு நடுவரின் மூக்கில் முழங்கையால் இடித்தார். அந்த ஆளின் வெள்ளைச் சட்டையில் பொத்தான் வரிசை முழுக்க ரத்தம் இறங்கியது. தலைமை நடுவரிடம் போய்க் கையை ஓங்கினார். அந்தம்மா பின்னால் நகரவே இல்லை.

"அடிக்கணும்னா அடிங்க. மார்க் மாறாது."

ஓங்கிய கை அங்கேயே நின்றது. முப்பது வருஷத்தில் ஓங்கிய கைக்குக் கீழே ஒடுங்காத முதல் ஆள். இவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். போலீஸைக் கூப்பிடலாம் என்று மூக்குடைந்தவர் கத்தினார். தலைமை நடுவர் அவருக்குக் கைக்குட்டை கொடுத்துவிட்டு, "கேஸ் கொடுக்கிறது உங்க இஷ்டம். விதிப்படி இவருக்கு இன்னொரு தடவை வாய்ப்பு உண்டு" என்று தாடைக்காரர் பக்கம் திரும்பினார். "ஆறு மாசம். இருபது புதுப் படம். அதுல ஒண்ணு, இந்த இருபது பேர்ல ஒருத்தரோடதா இருக்கணும். அதே ஆள், புதுப் படம். பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பாப்போம்."

அன்று சாயங்காலம் மரப்படியில் அவர் ஏறி வந்த சத்தத்திலேயே அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மேஜையில் இருந்த கத்தரிக்கோலை முதலில் டிராயருக்குள் வைத்தார். பிறகு எழுந்து சுவரோரமாக நின்றார்.

"உன் மூஞ்சியாலதான்டி போச்சு! எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்க! பயமாம், பயம்!"

பின்திரை சுற்றும் கனமான அட்டைக் குழாய் கையில் இருந்தது. முதல் அடி தோளில், அடுத்தது முதுகில். அக்கா தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு மேஜைக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டார். குழாய் மடங்கிப் போகும்வரை அடித்தார். மடங்கிய பிறகு காலால். கீழே டயர் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார், பிறகு காற்றடிக்கும் மோட்டாரைப் போட்டுவிட்டார், சத்தம் கேட்காமல் இருக்க. இந்தத் தெருவில் அந்த மோட்டார் எப்போதெல்லாம் காரணமில்லாமல் ஓடும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருத்தருக்கும் மேலே ஏறிப் போகக் கால் வரவில்லை. எனக்கும் வரவில்லை, எதிர்க் கடை என்னுடையது.

மறுநாள் காலையில் தாடைக்காரர் இருபது படங்களையும் ஸ்டூடியோ சுவரில் சாய்த்து வைத்தார். நடுவர் அம்மாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நிரூபிக்கத்தான். பூதக்கண்ணாடியை எடுத்து முதல் படத்தின் கண்ணில் வைத்தார். கருவிழியில் வெள்ளைச் சதுரமாக விளக்கின் வெளிச்சம். எல்லா முகப்படத்திலும் இருப்பதுதான். அந்தச் சதுரத்துக்கு முன்னால் கறுப்பாக ஒரு சின்ன உருவம் நின்றது. அகன்ற தோள், ஓங்கிய கை. அடுத்த படத்தில் பார்த்தார். அதிலும் அதே ஆள், அதே கை. கல்லூரி வாத்தியாரின் கண்ணில், புதுப்பெண்ணின் கண்ணில், ஏழு வயதுப் பிள்ளையின் கண்ணில், கடைசியாகத் தன் மனைவியின் கண்ணில். இருபது பேர், நாற்பது கண், நாற்பதிலும் அவர் அடிக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார். கண்ணிலிருந்து கண்ணாடியை இறக்கிப் பார்த்தபோது மற்றதும் தெரிந்தது. எல்லாருடைய தோளும் காதுவரை ஏறியிருந்தது. மடியில் இருந்த விரல்கள் எல்லாம் மூடியிருந்தன.

அவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. இதைக் கேட்டு மனசு மாறிவிட்டார் என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். அவருக்கு வந்தது வருத்தம் இல்லை, பயம். இந்தக் கையை வைத்துக்கொண்டு இருபது படம் எப்படித் தேற்றுவது என்ற பயம்.

முதலில் சிரித்துப் பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்று பல்லைக் காட்டிப் பழகினார். நடுவில் ஒரு பல் இல்லாத அந்தச் சிரிப்பைப் பார்த்து முதல் வாடிக்கையாளரின் குழந்தை வீறிட்டு அழுதது. தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினாள். அடுத்து, பேசாமல் எடுத்துப் பார்த்தார். அவர் பேசாமல் இருந்தது எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது என்று அஞ்சல் அலுவலகத்துக்காரர் பிறகு என்னிடம் சொன்னார்: "எப்ப விழப் போகுதோன்னு உக்காந்திருந்தேங்க."

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கேமராவில் ஒரு நீளமான ஒயரை மாட்டி, அதன் முனையில் இருக்கும் பட்டனை உட்காருகிறவர் கையிலேயே கொடுத்துவிடுவார். தாடைக்காரர் தள்ளி ஒரு குட்டி முக்காலியில், தரைக்குப் பக்கத்தில் உட்காருவார். இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார். "உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப அமுத்துங்க" என்பார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். ஆள் சலித்துப் போய்ச் சுவரைப் பார்ப்பார், வீட்டு ஞாபகம் வரும், தோள் இறங்கும், விரல் தானாக அமுத்தும். சைக்கிள் கடைக்காரர், நர்ஸ், பல் கட்டுகிற டாக்டர் என்று அதுவரை அவரிடம் படமெடுக்காத ஆட்கள் வந்தார்கள். ஐந்து மாதத்தில் பத்தொன்பது படங்கள் தேறின. முதல் தரமான படங்கள். அதை நான் மறுக்க மாட்டேன்.

ஊரே அதிசயப்பட்டது. "தாடைக்காரர் திருந்திட்டாருப்பா" என்று டீக்கடையில் பேச்சு. கடையில் கையின் மேல் உட்கார்ந்த மனிதர் கடையைப் பூட்டியதும் கையை வெளியே எடுத்துக்கொண்டார் என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். அந்த ஐந்து மாதத்தில் அக்காவுக்கு ஒரு முறை உதடு கிழிந்தது. ஒரு முறை வலது காது மூன்று நாள் கேட்கவில்லை. பகல் முழுக்க அடக்கி வைத்தது எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும் என்று அவரே ஒரு நியாயம் வைத்திருந்தார்.

இருபதாவது படம் பாக்கி. பழைய வரிசையில் இருந்த ஒருத்தர் மறுபடி வந்து உட்கார வேண்டும். தாடைக்காரர் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கல்லூரி வாத்தியார் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். புதுப்பெண்ணாக இருந்தவள் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே, "எங்க வீட்டுக்காரர் உங்களைப் பாத்தா கை கால உடைச்சிடுவாரு, போயிடுங்க" என்றாள். பட்டியலில் மணப்பெண்ணின் சித்தப்பாவும் உண்டு; சண்டைக்கு முன்னால் எடுத்த படம், தாளில் இருந்த கையெழுத்து தாடைக்காரரே போட்டது. அவர் கதவைத் திறந்து, யார் என்று பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் அறைந்தார். இரண்டு வருஷக் கடன் அது. பத்தொன்பது வாசலிலும் கதை முடிந்தது.

"நாளைக்குக் காலையில நீ உக்காரு" என்று அக்காவிடம் சொன்னார்.

"சரி" என்றார் அக்கா.

காலை ஒன்பது மணி. சாம்பல் திரையை இறக்கி, ஸ்டூலைப் போட்டு, ஒயரை மாட்டிப் பட்டனை நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"ஒயரு வேணாம். நீங்களே எடுங்க."

"வாங்குடி. கையில வெச்சாத்தான் முகம் சரியா வரும்."

"எப்பவும் எடுக்குற மாதிரி எடுங்க. கைய எங்க வேணா வெச்சுக்குங்க."

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. கிட்டே போய்த் தாடையைப் பிடித்து வலது பக்கம் திருப்பினார். திரும்பிய தாடை, அவர் விரலை எடுத்ததும், பழைய இடத்துக்கே வந்து நேராக அவரைப் பார்த்தது. மறுபடி திருப்பினார். மறுபடி வந்தது. இரண்டு எட்டு பின்னால் போய், கேமராவில் கண் வைத்து, வலது கையை எட்டின உயரத்துக்கு ஓங்கி, "இங்க பாரு!" என்று கத்தினார்.

அக்கா பார்த்தார்.

தோள் இறங்கியிருந்தது. கோணல் விரலோடு இடது கை மடியில் மல்லாந்து கிடந்தது. உதட்டில் தையல் போட்ட தழும்பு வெளிச்சத்தில் தெரிந்தது. அவர் கேமராவுக்குள் முப்பது வருஷமாக ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்தவர். ஒரு முகத்தில் என்ன இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் போகாது. இருந்தாலும் விரல் அமுத்திவிட்டது. படம் எடுக்காமல் விடுகிற பழக்கம் அந்த விரலுக்கு இல்லை.

அக்கா எழுந்து கறுப்புத் திரைக்குப் பின்னால் போய், ஏற்கெனவே கட்டி வைத்திருந்த ஒரு பையோடு வந்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"எங்கண்ணன் வீட்டுக்கு. திரும்ப வர மாட்டேன்."

தாடைக்காரர் படியை மறித்துக்கொண்டு நின்றார். ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை. அக்கா அந்தக் கையைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க எடுக்குற எல்லாப் படத்துலயும் கண்ணுக்குள்ள இந்தக் கை விழும். இருபத்திரண்டு வருஷமா ஒவ்வொரு கண்ணுலேர்ந்தும் நான்தான் அழிச்சிட்டு இருந்தேன். கல்யாணப் பொண்ணு கண்ணு, கைப்பிள்ளை கண்ணு, எல்லாத்துலயும். சங்கத்துக்கு அனுப்புன இருபதுல மட்டும் அழிக்கல. யாராவது ஒருத்தராவது பாக்கட்டும்னு விட்டுட்டேன். அந்தம்மா பாத்தாங்க."

கீழே டயர் கடையில் மோட்டார் ஓடத் தொடங்கியது. பிறகு, எதற்கோ, நின்றுவிட்டது. டயர் கடைக்காரர் ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு படியடிக்கு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் நானும் போய் நின்றேன். ரொம்பத் தாமதம்தான், ஒத்துக்கொள்கிறேன். தாடைக்காரர் எங்களைப் பார்த்தார், ஒதுங்கினார். அக்கா படியிறங்கித் தெருவில் நடந்து போனார்.

படத்தை அச்சடித்தாயிற்று. ஆனால் சம்மதத் தாளில் கையெழுத்து இல்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுக்க இப்போது மணிக்கட்டும் இல்லை. கெடு முடிய நாலே நாள் இருக்கும்போது தாடைக்காரர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். மச்சான் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பிரஷைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"வாய்யா. உன்னத்தான் இருபத்திரண்டு வருஷமாத் தேடிட்டு இருக்கேன்."

தாடைக்காரர் ஓங்கினார், பழக்க தோஷம். அந்தக் கையை மச்சான் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கிச் சுவரில் சாத்தினார். மூக்கு உடைந்தது. கீழே தள்ளி விலாவில் மிதித்தார். அடிக்கத் தெரிந்தவருக்கு அடி வாங்கத் தெரியவில்லை. தலையை மூட வேண்டும், வயிற்றை மடக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கையை விரித்துப் போட்டு, கிடந்த கோலத்தில் எல்லாவற்றையும் வாங்கினார்.

"அண்ணே, போதும்" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"போதுமா? இன்னும் ஆரம்பிக்கவே இல்லடி!"

"இந்த வீட்டுலயும் இந்தச் சத்தத்தக் கேக்க நான் வரல. விடு."

மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டு விலகினார். தாடைக்காரர் எழுந்து உட்கார்ந்து, ரத்தம் பட்ட விரலால் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். வாய் வீங்கி வார்த்தை வரவில்லை. அக்கா வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார். முதல் தாளை யாரும் அவருக்குப் படிக்கக் கொடுக்கவில்லை.

"கையெழுத்துப் போடாதம்மா. பஞ்சர் ஒட்டட்டும் நாயி" என்றார் மச்சான்.

"இவருக்காகப் போடலண்ணே. அது என் முகம். ஒரு தடவையாவது சரியா வந்திருக்கு, நாலு பேர் பாக்கட்டும்."

தாளைச் சுவரில் வைத்து எழுதினார். நடுவர்கள் பார்க்கச் சம்மதம். கடையில் மாட்டச் சம்மதம் இல்லை. 'உறவு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கட்டுப் போட்ட மூக்கோடு தாடைக்காரர் சங்கத்துக்குப் போனார். அங்கே மூக்கு உடைந்த நடுவரும் இருந்தார். இரண்டு மூக்குகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தலைமை நடுவர் பத்தொன்பது படங்களையும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே வந்து, இருபதாவதில் நின்றார். பழைய படத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் மாட்டினார். அதே சாம்பல் திரை, அதே ஸ்டூல், அதே பெண். பிறகு கழுத்துக் கண்ணாடியை எடுத்துப் புதுப் படத்தின் கண்ணில் வைத்தார்.

"இந்தக் கண்ணுக்குள்ளயும் ஒரு ஆள் கை ஓங்கிட்டு நிக்கிறான். மத்த பத்தொன்பதுல இல்ல. யார் அது?"

அழிக்கத் தெரிந்த கை வீட்டைவிட்டுப் போய்விட்டது என்று சொல்லலாம். விளக்குக் கம்பியின் நிழல் என்று சொல்லலாம். வழி முழுக்க அவர் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தார்.

"நான்தான் மேடம்."

"ஆனா இவங்க பயப்படலயே. என்ன சொல்லி உக்கார வெச்சீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவங்க என்னை விட்டுப் போறதுக்கு முன்னாடி, அஞ்சு நிமிஷம் உக்காந்தாங்க."

'அவங்க' என்று தன் மனைவியை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. காலம் போன காலத்தில் வந்த மரியாதை.

தலைமை நடுவர் சம்மதத் தாளை எடுத்து 'உறவு' கட்டத்தைப் படித்தார். மற்ற நான்கு பேரிடமும் நீட்டினார். உடைந்த மூக்குக்காரர் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்த இருபதுல ஒசத்தியான படம் இது. இதுக்குப் பட்டம் கொடுக்கணும்னா அந்தம்மாவுக்குத்தான் கொடுக்கணும்" என்றார் தலைமை நடுவர். குரலில் கோபம் இருந்தது. "ஆனா விதிப்படி எடுத்தவருக்குத்தான் கொடுக்க முடியும். பாஸ்."

பட்டம் இப்போது ஸ்டூடியோ சுவரில் தொங்குகிறது. பக்கத்தில் இருபது படங்கள் மாட்ட ஆணி அடித்தார். பத்தொன்பதில் படம் இருக்கிறது, ஒன்று வெறும் ஆணி. முதல் ஆளாக வந்தவர் பெரிய மண்டபத்துக்காரர். சீசன் முழுக்க இனி உங்களுக்குத்தான் என்று கை குலுக்கினார். தன் முகத்தையும் ஒரு படம் எடுத்துவிடச் சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் கையில் ஒயர் பட்டனைக் கொடுத்துவிட்டு, தாடைக்காரர் குட்டி முக்காலியில் கைகளின் மேல் உட்கார்ந்தார்.

சட்டைக் காலரில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் படத்தில் அழித்துத்தர இப்போது ஆள் இல்லை. அதை எடுத்துவிடலாம் என்று எழுந்து போய், தாடைக்காரர் கையை மெதுவாகத்தான் நீட்டினார்.

மண்டபத்துக்காரர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். ஒயர் பட்டன் அவர் கையில் அமுங்கிவிட்டது.